ஒரு வாரம் பழைய பதிவு, மாறிப்போன கடல், ஆனாலும் நின்ற குவியம்

ஒரு வாரத்துக்கு முன் பதிவு செய்த ஒலியை எடுத்து, முன்பின்னாகத் திருப்பிக் கடலுக்குள் அனுப்புகிறார்கள். அந்த ஒரு வாரத்தில் நீரோட்டம் மாறியிருக்கும், மேற்பரப்பு சூடாகி ஆறியிருக்கும், அலைகள் ஓயாமல் அடித்திருக்கும். அப்படியிருந்தும் ஒலி போய், முதலில் புறப்பட்ட இடத்திலேயே குவிகிறது. 1997 மே மாதம் மத்தியதரைக் கடலில் நடந்த சோதனையின் முடிவுகளில் இதுவும் ஒன்று. அந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 30 கிலோமீட்டர் தூரத்தில் குவித்துக் காட்டியதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த ஒரு வாரம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. தூரத்தைக் கூட்டுவதில் பாதிக்கு மேல் சக்திக் கணக்கு. பழைய அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய கடலில் குவிப்பது வேறு ரகம்.

இந்த ஆய்வில் நான் பார்க்கப்போவது ஒரே கேள்வி: ஊடகம் மாறிக்கொண்டே இருக்கும்போது குவியம், அதாவது ஒலி வந்து கூடும் புள்ளி, எதனால் நிற்கிறது, எதனால் கலைகிறது? கடலில் எல்லாமே மாறுகிறது என்பது தெரிந்ததுதான். ஆனால் மாற்றங்களிலேயே குவியத்தைத் தொடாத வகை ஒன்று உண்டு, சின்னதாக இருந்தாலும் அடியோடு கலைத்துவிடும் வகை ஒன்றும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "கடல் நிலையில்லாதது, அதனால் குவிக்க முடியாது" என்று சொல்லிவிடுவது அவசர முடிவு.

பின்னணி

கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வேகம் 3 மீட்டர் அளவுக்குக் கூடும். ஆழம் 100 மீட்டர் கூடினால் ஒன்றே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். உப்புக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒலி நேர்கோட்டில் போகாது, வளையும். ஆழம் குறைந்த கடலாக இருந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: மேலே நீர்ப்பரப்பு, கீழே கடல்தரை, நடுவில் மாட்டிக்கொண்ட ஒலி இரண்டிலும் பட்டுப் பட்டுப் போகும். ஒரு சின்னத் துடிப்பை அனுப்பினால் மறுமுனையில் அதன் பல நகல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நீண்டு, குழம்பி வந்து சேரும்.

இந்த நிலையில் ஒரு புள்ளியில் ஒலியைக் குவிக்க இரண்டு வழி. ஒன்று, கணக்குப் போட்டுச் செய்வது: வெப்பம் எங்கே எவ்வளவு, தரை மணலா சேறா, ஆழம் எப்படி மாறுகிறது என்று எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு ஒலிமூலமும் எப்போது ஒலிக்க வேண்டும் என்று கணிப்பது. தெரிந்துகொள்ள வேண்டியது ஏராளம், தெரிவதோ கொஞ்சம். இரண்டாவது, கணக்கை விட்டுவிட்டு அளப்பது. குவிக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒலிமூலத்தை வைத்து ஒரு துடிப்பை எழுப்பு. இந்தப் பக்கம் பல ஹைட்ரோபோன்களில் (நீருக்குள் வைக்கும் ஒலிவாங்கிகளில்) அதைப் பதிவு செய். பதிவை முன்பின்னாகத் திருப்பி அதே இடங்களிலிருந்து ஒலிபரப்பு. கடைசியாக வந்த எதிரொலி முதலில் கிளம்பும், முதலில் வந்தது கடைசியில் கிளம்பும், எல்லாம் ஒரே நேரத்தில் புறப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேரும். கடல்தரையைப் பற்றி ஒரு வரிகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

யோசனை புதிதல்ல. 1960களிலேயே பர்வுலெஸ்கு, கிளே என்ற ஆய்வாளர்கள் இருவரும் கடலில் ஒற்றை ஒலிமூலம், ஒற்றை ஒலிவாங்கி வைத்து இதன் ஆரம்ப வடிவத்தைச் செய்து பார்த்தார்கள். அப்புறம் பாரிஸில் இயற்பியலாளர் மத்தியாஸ் ஃபிங்க்கின் குழு அல்ட்ராசவுண்டில் இதை ஒரு முழுத் துறையாகவே வளர்த்தது. பல டிரான்ஸ்டியூசர்களை (ஒலியை வாங்கவும் அனுப்பவும் செய்யும் கருவிகளை) வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்குக் காலத் திருப்பக் கண்ணாடி என்று பெயர்.

1996 ஏப்ரலில் நடந்தது

கடலில் இதை முழு அளவில் செய்துகாட்டியது வில்லியம் குப்பர்மன் தலைமையிலான ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனக் குழுவும், இத்தாலியில் இருந்த நேட்டோவின் கடலடி ஆய்வு மையமும். இடம் இத்தாலியின் மேற்குக் கரைக்கு அப்பால். 125 மீட்டர் ஆழமுள்ள நீரில், 77 மீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாகத் தொங்கும் ஒரு வரிசை. அதில் 20 இடங்களில் ஒலிமூலமும் ஒலிவாங்கியும். அங்கிருந்து 6.3 கிலோமீட்டர் தள்ளி, 145 மீட்டர் ஆழமுள்ள நீரில், துடிப்பை எழுப்பும் ஒற்றைக் கருவி. அதே தூரத்தில், குவியம் உண்மையிலேயே அமைகிறதா என்று பார்க்க 46 ஹைட்ரோபோன்கள் கொண்ட, 90 மீட்டர் நீளமுள்ள இன்னொரு செங்குத்து வரிசை. மைய அதிர்வெண் 445 ஹெர்ட்ஸ், துடிப்பின் நீளம் 50 மில்லிநொடி.

அந்த 46 ஹைட்ரோபோன் வரிசையைக் கவனிக்காமல் போய்விடக் கூடாது. குவிப்பதற்கு அது தேவையே இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் "குவிந்தது" என்பது வெறும் நம்பிக்கை. குவிய இடத்தில் ஒரே ஒரு ஒலிவாங்கியை வைத்து, அங்கே ஒலி கூடியிருக்கிறது என்று காட்டினால் போதாது, மற்ற ஆழங்களில் கூடவில்லை என்பதையும் காட்ட வேண்டும். இந்த மாதிரி சோதனைகளை நான் எடைபோடுவது முதலில் இதை வைத்துத்தான்.

முடிவு: குவியம் இடத்திலும் அமைந்தது, நேரத்திலும் அமைந்தது. அதாவது, செங்குத்து வரிசையில் துடிப்பு எழுந்த ஆழத்தை ஒட்டிய ஹைட்ரோபோன்களில்தான் ஒலி ஓங்கியது. இழுத்து நீண்டு போயிருந்த பதிவு திரும்பவும் சுருங்கித் துடிப்பானது. 1997இல் அதே குழு தூரத்தை 30 கிலோமீட்டர் வரை நீட்டியது. பழைய பதிவுகளை எடுத்து அனுப்பிப் பார்த்ததும் அப்போதுதான்.

சிக்கல் உதவி செய்கிறது

ஒலி இத்தனை முறை மேலும் கீழும் பட்டு வருவது தொல்லை என்றுதான் முதலில் தோன்றும். இங்கே அது தலைகீழ். தரையிலும் மேற்பரப்பிலும் பட்டு வந்த கதிர்கள் ஒவ்வொன்றும் வேறு கோணத்தில் வந்தவை. அவற்றைப் பார்த்தால் அந்த 77 மீட்டர் வரிசையே இன்னும் நெடிய வரிசை போல வேலை செய்கிறது. கோணங்கள் விரிய விரியக் குவியம் கூர்மையாகும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது கடல் சோதனை அல்ல, 1995இல் தெரோட், ரூ, ஃபிங்க் மூவரும் தண்ணீர்த் தொட்டியில் செய்தது. அல்ட்ராசவுண்டின் வழியில் 2000 எஃகுக் கம்பிகளைக் காடு மாதிரி நட்டுவைத்தார்கள். ஒரு மைக்ரோநொடி அளவிலான துடிப்பு அந்தக் காட்டைக் கடந்து வெளியே வரும்போது நூற்றுக்கணக்கான மைக்ரோநொடிக்கு நீண்டுவிட்டது. அதைத் திருப்பி அனுப்பியபோது மறுபடி கூர்மையான துடிப்பாகக் குவிந்தது. அதுவும் கம்பிகளே இல்லாமல் வெறும் நீரில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு குறுகலான குவியம். கம்பிகள் அசையவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு குழப்பமான ஊடகமாக இருந்தாலும் சரி, பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் நடுவில் அது அப்படியே இருந்தால் போதும்.

கடல் அப்படியே இருப்பதில்லை. அப்புறம் எப்படி?

மாற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

6.3 கிலோமீட்டர் வழி முழுவதும் நீரின் வெப்பம் ஒரே சீராக 0.1 டிகிரி கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 0.3 மீட்டர் கூடும். அது 1500இல் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 4.2 நொடி ஆகும்; அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.84 மில்லிநொடி. 445 ஹெர்ட்ஸில் ஒரு அலைவுக்கு 2.25 மில்லிநொடி. ஒரு முழு அலைவை 360 டிகிரி என்று வைத்து, அலை அதில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கட்டம் என்பார்கள். ஆக, கட்டம் ஏறக்குறைய 134 டிகிரி நகர்ந்துவிட்டது. இதைப் பார்த்தால், பத்தில் ஒரு டிகிரி வெப்பத்துக்கே எல்லாம் போச்சு என்று தோன்றும்.

ஆனால் இந்த 134 டிகிரி எல்லாப் பாதைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எல்லாரும் சேர்ந்து 0.84 மில்லிநொடி முன்னதாக வந்தால், குவியம் 0.84 மில்லிநொடி முன்னதாக அமையும். அதே இடத்தில், அதே கூர்மையோடு. யாருக்கும் நஷ்டமில்லை.

குவியத்தைக் கெடுப்பது பாதைகளுக்கு நடுவே வரும் வித்தியாசம் மட்டும்தான். ஆழம் குறைந்த நீரில் இதை மோடுகள் வழியாகப் பார்ப்பது சுலபம். மோடு என்பது மேற்பரப்புக்கும் தரைக்கும் நடுவே ஒலி பொருந்தி நிற்கும் ஒவ்வொரு வடிவம்; கீழ்மோடுகள் கிட்டத்தட்டக் கிடையாகப் போகின்றன, மேல்மோடுகள் அதைவிடச் சாய்வாக ஏறி இறங்கிப் போகின்றன. 125 மீட்டர் ஆழமுள்ள எளிமையான ஒரு குழாயாகக் கடலை வைத்துக்கொண்டு தோராயமாகப் போட்டால், 6.3 கிலோமீட்டர் முடிவில் பத்தாவது மோடு, நேராகப் போகும் ஒலியிலிருந்து சுமார் 107 ரேடியன் (ஒரு ரேடியன் என்பது சுமார் 57 டிகிரி) பிந்தியிருக்கும்; முதல் மோடு 1 ரேடியன் மட்டும். மேலே சொன்ன வெப்ப மாற்றம் அந்த 107 ரேடியனில் ஐயாயிரத்தில் ஒரு பங்கை மாற்றும்: கிட்டத்தட்ட 1 டிகிரி. பொதுவாக நகர்ந்தது 134 டிகிரி, ஒன்றுக்கொன்று விலகியது 1 டிகிரி. கடல் ஒரே சீராகச் சூடானால் குவியம் அதைக் கண்டுகொள்வதே இல்லை என்பது இதனால்தான்.

இப்போது வெப்பத்தை விட்டுவிட்டு ஆழத்தை ஒரு மீட்டர் கூட்டுவோம். 125இல் ஒரு மீட்டர், சதவீதத்தில் 0.8. மோடின் பிந்துதல் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகையால் 1.6 சதவீதம் மாறும். முதல் மோடுக்கு அது 1 டிகிரி. பத்தாவது மோடுக்கு 98 டிகிரி! ஒரே ஒரு மீட்டர் கடல்மட்ட மாற்றத்தில் மேல்மோடுகள் குவியத்துக்கு உதவுவதை நிறுத்திவிட்டு அதைக் கெடுக்கத் தொடங்கிவிடுகின்றன. மத்தியதரைக் கடலில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சில பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே நின்ற ஒரு வார நினைவை, நாளுக்கு இரண்டு முறை கடல்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் எதிர்பார்த்தால் ஏமாந்துபோக வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம், மேல்மோடுகள் தரையில் அடிக்கடி படுவதால் தூரம் போகப் போகத் தேய்ந்தும் போகின்றன. அதாவது, மாற்றத்துக்கு அதிகம் பயப்படும் மோடுகள்தான் முதலில் கழன்றுகொள்கின்றன. தூரத்தில் எஞ்சுவது கீழ்மோடுகள். குவியம் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், ஆனால் நிற்கும். கூர்மையைக் கொடுத்து உறுதியை வாங்கிக்கொள்கிற வியாபாரம் இது, அதுவும் நாம் கேட்காமலே நடக்கிறது.

மாற்றம் சீராக இல்லாமல் அடுக்கடுக்காக வந்தால் கதை வேறு. சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த கீழ்நீருக்கும் நடுவே இருக்கும் எல்லை, நீருக்குள்ளேயே எழும் உள்ளலைகளால் மேலும் கீழும் ஆடும். அது சில மோடுகளைத் தொடும், சிலவற்றைத் தொடாது. வித்தியாசம் நேரடியாகவே உள்ளே வருகிறது. மேற்பரப்பு அலையும் அப்படித்தான். காற்று அடித்துக் கடல் கரடுமுரடானால், மேற்பரப்பைத் தொட்டு வரும் பாதைகள் நொடிக்கு நொடி மாறும், தொடாத பாதைகள் மாறாது. கோடையில் மேலே சூடு அதிகமாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து மேற்பரப்பை அதிகம் தொடாமல் போகும் என்பதால், எல்லைக்குக் கீழே வைக்கும் குவியம் கொஞ்சம் பாதுகாப்பானது.

அதிர்வெண்ணை ஏற்றினால் எல்லாம் இறுகுகிறது. 445 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 மீட்டர். இதே குழுவினர் 1999 ஜூலையில் 3.5 கிலோஹெர்ட்ஸில் சோதனை செய்தபோது அலைநீளம் 43 சென்டிமீட்டர்தான். முன்பு 134 டிகிரியாக இருந்த அதே 0.84 மில்லிநொடி இங்கே கிட்டத்தட்ட மூன்று முழு அலைவு. மேற்பரப்பு அரை மீட்டர் ஏறி இறங்குவது முன்பு அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு. இப்போது ஒரு அலைநீளத்தையே தாண்டிவிட்டது. பதிலுக்குக் கிடைப்பது தகவல் அனுப்பப் போதுமான அலைவரிசை அகலம், நுணுக்கமான குவியம். பதிவின் ஆயுள் அதற்கேற்பச் சுருங்கும், அடிக்கடி புதுப்பித்துத்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு பிழையைத் தாங்கும்?

பாதைகளின் கட்டப் பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறியிருந்தால், சராசரிச் சிதறல் அரை ரேடியனாக இருக்கும்போது குவியத்தின் செறிவில் 78 சதவீதம் மிஞ்சும். ஒரு ரேடியனானால் 37 சதவீதம். இரண்டு ரேடியனில் 2 சதவீதத்துக்கும் கீழே. 20 மூலங்கள் மட்டும் உள்ள வரிசையில் சிதறிய ஒலியே 5 சதவீதம் அளவுக்கு இருக்கும் என்பதால், இந்த நிலையில் குவியம் பின்னணியில் கரைந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அரை ரேடியன் என்பது கிட்டத்தட்ட 29 டிகிரி, அவ்வளவு பிழையோடும் குவியம் நன்றாகவே நிற்கிறது. நகராது, மங்கும்.

ஃபிங்க் குழு 1999இல் இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. பதிவில் ஒவ்வொரு கணத்துக்கும் கூட்டலா கழித்தலா என்ற குறியை மட்டும் வைத்துக்கொண்டு, அளவை (வீச்சை) முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த ஒற்றை பிட் பதிவைத் திருப்பி அனுப்பினார்கள். குவியம் அமைந்தது. எல்லாக் கணத்திலும் முழுச் சக்தியில் ஒலிக்க முடிந்ததால் உச்சம் முன்பைவிடக் கூடவே செய்தது. வீச்சில் கஞ்சத்தனம் பண்ணலாம், கட்டத்தில் கூடாது.

ஆகவே நடைமுறையில் கேள்வி இப்படி வரும்: பாதைகளுக்கு இடையிலான விலகல் அரை ரேடியனை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? அதற்குள் புதிய துடிப்பைக் கேட்டு, திருப்பி, அனுப்பி முடித்துவிட வேண்டும். இதில் ஒலியின் பயண நேரத்தை மறக்கிறவர்கள் உண்டு. 30 கிலோமீட்டரில் ஒரு வழிக்கு 20 நொடி. வந்து திரும்பிப் போக 40 நொடி. மின்னணுக் கருவி எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதைக் குறைக்க முடியாது. 40 நொடிக்குள் மாறிவிடும் எதையும் (மேற்பரப்பு அலைகள் நிச்சயம் இதில் சேரும்) இந்த முறையால் துரத்திப் பிடிக்கவே முடியாது. அவற்றைத் தொடாத பாதைகளை நம்பியிருப்பதுதான் வழி.

மெல்ல வரும் மாற்றத்துக்கு ஒரு நல்ல திருகு இருக்கிறது. பதிவின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தி அனுப்பினால் குவியமும் தூரத்தில் முன்னோ பின்னோ நகரும். ஆழம் குறைந்த நீரில் இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் போகும்: அதிர்வெண்ணில் 3 சதவீதம் என்றால் தூரத்திலும் 3 சதவீதத்தை ஒட்டி. 445 ஹெர்ட்ஸில் 13 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் 6.3 கிலோமீட்டரில் 190 மீட்டர் வரை. 1997 சோதனையில் இதையும் செய்து காட்டினார்கள். துடிப்பெழுப்பிய இடத்தை விட்டு வேறு தூரத்தில் குவிக்க முடிகிறது என்றால், இலக்கு விலகிப்போகும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்க வேண்டியதில்லை.

சரிசெய்ய முடியாதவையும் உண்டு. நீர் உறிஞ்சிய ஒலி, தரைக்குள் போன ஒலி, இரண்டும் திரும்பாது. நீரோட்டம் இருந்தால் ஒலி போகும்போது ஒரு வேகம், வரும்போது ஒரு வேகம். பதிவைத் திருப்பலாம், நீரோட்டத்தைத் திருப்ப முடியாது. நொடிக்கு 10 சென்டிமீட்டர் ஓட்டம் 6.3 கிலோமீட்டரில் போக வர 0.56 மில்லிநொடி வித்தியாசம் கொடுக்கும். இதுவும் பெரும்பாலும் எல்லாப் பாதைகளுக்கும் பொது என்பதால் தப்பிக்கிறோம். ஓட்டம் ஆழத்துக்கு ஆழம் மாறினால் தப்ப முடியாது.

உடலுக்குள் இதே கணக்கு

நடுக்க நோய்க்கு மண்டை ஓட்டின் வழியாக அல்ட்ராசவுண்டைக் குவித்து மூளைக்குள் ஒரு சிறு இடத்தைச் சுட்டுவிடும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. அரைக்கோளக் கவசத்தில் 1024 டிரான்ஸ்டியூசர்கள், சுமார் 650 கிலோஹெர்ட்ஸ். எலும்பில் ஒலி நொடிக்கு 2800 மீட்டர் போகிறது என்று வைத்தால், ஓடு ஒரு இடத்தில் 1 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தாலே கட்டம் 72 டிகிரி விலகும். இரண்டரை மில்லிமீட்டர் என்றால் 180 டிகிரி, ஒன்றையொன்று அழித்துவிடும். மூளைக்குள் ஒலிமூலத்தை வைக்க முடியாததால் சிடி ஸ்கேனில் ஓட்டின் தடிமனையும் அடர்த்தியையும் எடுத்துக் கணக்குப் போட்டுத்தான் திருத்துகிறார்கள். கடலில் நாம் ஒதுக்கிவைத்த அந்த முதல் வழி. இங்கே அது செல்லுபடியாவதற்குக் காரணம், ஓடு அடுத்த நாளும் அதே ஓடுதான். கணக்கில் மிச்சமிருக்கும் பிழையை, முதலில் மெல்லச் சூடாக்கி எம்ஆர்ஐயில் வெப்பம் எங்கே ஏறுகிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் சுடும் அளவுக்குப் போகிறார்கள். குவிந்ததா என்று தனியாக நின்று பார்க்கும் கருவி வேண்டுமே, 1996இன் அந்த 46 ஹைட்ரோபோன் வரிசை செய்த வேலையை இங்கே எம்ஆர்ஐ செய்கிறது.

கல்லீரலில் நிலைமை கஷ்டம். மூச்சு விடும்போது அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்கிறது, குவியமோ சில மில்லிமீட்டர் அகலம்தான். கூடவே விலா எலும்புகள் குறுக்கே வருவதும் போவதுமாக இருக்கும். அந்தப் பாதைகள் கொஞ்சம் பிந்துவதோடு நிற்பதில்லை, மொத்தமாகவே அடைபடுகின்றன. எந்தக் கட்டத் திருத்தமும் அதற்கு உதவாது. ஒலி போய்வரும் நேரம் மில்லிநொடிக்கும் குறைவு என்பதால் துரத்திப் பிடிக்க இயற்பியல் தடை எதுவும் இல்லை. எதை வைத்து அளப்பது என்பதுதான் பிரச்சினை. சிறுநீரகக் கல்லாக இருந்தால் கல்லே எதிரொலி கொடுக்கும், அதைப் பதிந்து திருப்பி அனுப்பினால் கல் நகர நகரக் குவியமும் பின்னாலேயே போகும். ஃபிங்க் குழு 1990களில் இதற்குக் கருவியே செய்தது. கல்லீரலில் உள்ள கட்டி அப்படித் தனியாகத் தெரியும் எதிரொலி எதையும் கொடுப்பதில்லை.